துப்பிருந்தால் ஏறி வா: ஒரு சீனச் சொல்லின் வேர்

மரத்தின் மேல் ஒரு பையன், கீழே ஒரு பையன். இருவருக்கும் சண்டை. கீழே நிற்பவன் கத்துகிறான்: "யோ பென்ஷி, நீ ஷியாலாய்!" மேலே இருப்பவன் விடுவானா? "யோ பென்ஷி, நீ ஷாங்லாய்!" முதலாவதன் முடிவில் 'இறங்கி வா', இரண்டாவதில் 'ஏறி வா'. சீனப் பிள்ளைகளின் சண்டையில் அடிக்கடி விழும் சவால் இது.

இதில் வரும் 'நீ' நம்முடைய 'நீ' போலவே ஒலித்து அதே பொருளையும் தருகிறது. அது தற்செயல்தான், இரு மொழிகளுக்கும் உறவு கிடையாது. 'யோ' என்றால் 'உண்டு', 'வைத்திருக்கிறாய்'. மீதி இருப்பது 'பென்ஷி'. அகராதியைப் புரட்டினால் 'திறமை' என்று போட்டிருக்கும். சரி, பொருத்திப் பார்ப்போம்: "திறமை இருந்தால் இறங்கி வா." எந்தத் தமிழ்ப் பையனாவது இப்படிப் பேசுவானா? மரத்திலிருந்து இறங்குவதற்கு என்ன பெரிய திறமை வேண்டியிருக்கிறது? நம் பையன் சொல்வது வேறு: "துப்பிருந்தா இறங்கி வாடா!"

'துப்பு' என்ற இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'திறமை' சொல்லித்தராத பலவற்றை அது சொல்லித்தரும். எங்கே அது காலை வாருகிறது என்பதையும் பிறகு பார்ப்போம்.

பென்ஷி இரண்டு எழுத்துகளால் ஆனது. முதல் எழுத்தான 'பென்', பார்த்தவுடன் புரிகிற எழுத்து. மரத்தைக் குறிக்கும் எழுத்தை வரைந்து, அதன் அடியில் ஒரு சிறு கோடு போட்டால் 'பென்' வந்துவிடும். கோடு 'இங்கே பார்' என்று வேரைக் காட்டுகிறது. அதே மரத்தின் உச்சியில் ஒரு நீண்ட கோடு போட்டால் 'மோ', அதாவது நுனி. வேர் என்பதிலிருந்து அடிப்படை, மூலம், தொடக்கம் என்று பொருள் விரிந்தது. வியாபாரத்தில் போடும் பணமும் 'பென்'தான். தமிழில் 'முதல்' என்ற சொல் தொடக்கத்தையும் கடைக்குப் போட்ட பணத்தையும் ஒன்றாகக் குறிப்பதை நினைத்துக்கொண்டால் இது விளங்கிவிடும். நம் இலக்கணத்தில் மரம் முதல், கிளை சினை. சீனர்கள் அதே மரத்தை வேர், நுனி என்று பிரித்திருக்கிறார்கள். ஜப்பானின் பெயரிலும் இதே எழுத்து உண்டு. அங்கே அது 'சூரியன் புறப்படும் இடம்'.

இரண்டாவது எழுத்து 'ஷி': காரியம், விஷயம், வேலை. விலங்கெலும்பிலும் ஆமையோட்டிலும் கீறிய மிகப் பழைய எழுத்துகளில், ஏதோ ஒன்றைப் பிடித்திருக்கும் கையாக இது தெரிகிறது. அந்தக் காலத்தில் வரலாறு, அதிகாரி, ஏவுதல் ஆகியவற்றையும் இதே வடிவத்தால்தான் எழுதினார்கள். பின்னாளில் நான்கும் தனித்தனி எழுத்துகளாகப் பிரிந்தன.

ஆக, எழுத்துக்கு எழுத்து பார்த்தால் பென்ஷி என்பது 'வேர்க் காரியம்'. பழைய நூல்களில் உண்மையிலேயே அந்தப் பொருளில்தான் வருகிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'குவான்ட்ஸி' என்ற அரசியல் நூல், நல்ல அரசனின் வேலை பென்ஷியை வலுப்படுத்தி வீணானதை ஒழிப்பது என்கிறது. அங்கே பென்ஷி என்றால் உழவு. உழவு வேர், வணிகம் நுனி என்பது பண்டைய சீன அரசியல் சிந்தனையில் திரும்பத் திரும்ப வரும் பாகுபாடு. வணிகர்கள் இதைக் கேட்டு மகிழ்ந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு இன்னொரு கிளையும் உண்டு. ஒரு கவிதைக்கோ கதைக்கோ பின்னால் இருக்கும் உண்மைச் சம்பவமும் 'வேர்க் காரியம்'தானே? தாங் காலத்தில், 886-இல், மெங் சி என்பவர் கவிதைகள் பிறந்த கதைகளைத் திரட்டி ஒரு நூல் செய்தார். அதன் பெயரிலேயே பென்ஷி இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து, ஷாங்காய் சினிமா வளர்ந்தபோது படத்தின் கதைச்சுருக்கத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். நம் கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் முன்பக்கங்களில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியுமே, அந்தக் கதைச்சுருக்கம் போன்றது. (ஜப்பானில் மௌனப் படங்களுக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர்களும் 'பென்ஷி'தான். அது வேறு எழுத்து, வேறு சொல். ஒலி மட்டும் ஒன்று.)

வேர்க் காரியம் எப்படித் திறமையானது? மிங் காலத்துப் (14-17ஆம் நூற்றாண்டு) பேச்சுநடை நாவல்களில் வீரர்கள் சண்டைக்கு முன் ஒருவரை ஒருவர் "உனக்கென்ன பென்ஷி இருக்கிறது?" என்று கேட்கும்போது மாற்றம் முடிந்துவிட்டது. நடுவில் நடந்ததற்கு என் கணிப்பு எளியது: ஒருவனுக்கு அடிப்படையான தொழில் எதுவோ, அதில் அவன் கை எவ்வளவு தேர்ந்தது என்பதே அவனுடைய 'வேர்க் காரியம்' ஆகிவிட்டது. தச்சனைத் தச்சனாக்குவது அவன் குணமோ குடும்பமோ இல்லை, உளி பிடிக்கும் கைதான்.

இப்போது ஒரு கேள்வி வரும். கதைமூலமும் பென்ஷி, திறமையும் பென்ஷி, எழுத்தும் ஒன்றே என்றால் காது எப்படிப் பிரித்தறியும்? இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பெய்ஜிங் வழிச் சீன மொழியில் நான்கு தொனிகள், அதாவது பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள், உண்டு. மொழியியலாளர் சாவ் யுவென்-ரென் 1930-இல் இவற்றை அளக்க ஐந்து படி கொண்ட ஓர் ஏணியை வகுத்தார். ஒன்று அடிக்குரல், ஐந்து உச்சக்குரல். 'பென்' மூன்றாம் தொனி. வேறு தொனி பின்னால் வரும்போது இரண்டாம் படியிலிருந்து ஒன்றுக்குத் தாழ்ந்து கீழேயே கிடக்கும். 'ஷி' நான்காம் தொனி. ஐந்திலிருந்து ஒன்றுக்குச் சரேலென்று விழும். இரண்டையும் முழுசாகச் சொன்னால் கதைமூலம். திறமை வேண்டுமானால் 'ஷி'யின் தொனியை உதிர்த்துவிட வேண்டும். மெலிந்து, ஏறக்குறைய பாதி நீளத்துக்குக் குறுகி, 'பென்'னின் வாலாக ஒட்டிக்கொள்ளும்.

இப்படி உதிர்ந்த தொனிக்கு 'மெல்லொலி' என்று பெயர். தனக்கென்று உயரம் இல்லாததால், முன்னால் நிற்பவரைப் பார்த்துத்தான் அது தன் இடத்தை எடுத்துக்கொள்ளும். விழுகிற நான்காம் தொனிக்குப் பின்னால் வந்தால் ஒன்றாம் படியில் படுத்துவிடும். தாழ்ந்த மூன்றாம் தொனிக்குப் பின்னால் வந்தால் நாலாம் படி அளவுக்கு எழும்பும். பென்ஷியில் நடப்பது இந்த இரண்டாவது வகை. தமிழ் இலக்கணம் படித்தவருக்கு உடனே குற்றியலுகரம் நினைவுக்கு வர வேண்டும். ஒரு மாத்திரை உகரம் சொல்லின் கடைசியில் அரை மாத்திரையாகக் குறுகுவதும், முன்னால் நிற்கும் எழுத்தை வைத்து அதற்கு நெடில்தொடர், வன்தொடர் என்று பெயரிடுவதும் நாம் பள்ளியில் படித்தவை. இங்கே குறுகுவதோடு சுருதியும் சேர்ந்து போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது பென்ஷிக்கு மட்டும் நடப்பதல்ல. 'தோங்ஷி' என்பதை முழுத் தொனியில் சொன்னால் கிழக்கும் மேற்கும், பின்னசையை மெலித்தால் 'பொருள், சாமான்'. பொதுவாக, வீட்டிலும் தெருவிலும் நெடுநாள் புழங்கித் தேய்ந்த சொற்களில்தான் இந்த மெலிவு வரும். 'கொண்டு வா' நம் வாயில் 'கொண்டா' ஆன மாதிரி. தைவானிலும் சிங்கப்பூரிலும் இந்த மெலிவு குறைவு. அங்கே பலர் திறமையையும் முழுத் தொனியிலேயே சொல்வார்கள், பொருளைச் சூழல் பார்த்துக்கொள்ளும்.

ஒலியில் நமக்கு ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. 'பென்'னின் பகரம் 'பல்', 'பழம்' சொல்லும் அதே வல்லெழுத்து. அதிர்வோடு 'பஸ்' என்று சொல்லும்போது வரும் ஒலி இல்லை. ஆங்கில எழுத்தில் படிப்பவர்கள் தவறும் இடம் இது, தமிழ் எழுத்து காப்பாற்றிவிடுகிறது. சிக்கல் 'ஷி'யில். அதில் வருவது இகரமே இல்லை. நாக்கை வளைத்து 'ஷ்' சொல்லிவிட்டு, நாக்கை அங்கிருந்து எடுக்காமல் குரலை மட்டும் ஓடவிட வேண்டும். ழகரம் சரியாக வருபவருக்கு இது எளிது. மற்றவர்களைப் பற்றி நான் பேசவில்லை.

இனிப் புழக்கத்துக்கு வருவோம். திறமை உண்டு என்றால் 'யோ பென்ஷி'. இல்லை என்றால் 'மெய் பென்ஷி'. சீனத்தில் வழக்கமான மறுப்புச் சொல் 'பு', ஆனால் 'யோ'வுக்கு முன்னால் அது வரவே வராது, 'மெய்' மட்டும்தான். பெரிய ஆள் என்றால் பென்ஷி 'பெரிசு' என்பார்கள், 'வலியது' என்று சொல்வதில்லை. நிறையக் கற்றுத் தேர்ந்தவனை 'ஓர் உடம்பு பென்ஷி கற்றவன்' என்பார்கள். அரிசியைப் படியால் அளப்பதுபோல் திறமையை உடம்பால் அளக்கிறார்கள்! சொந்தக் கையை நம்பிப் பிழைப்பது 'பிங் பென்ஷி ச்ஷிஃபான்', அதாவது பென்ஷியை ஊன்றிச் சோறு தின்பது. சிபாரிசு, அப்பா பெயர், மாமனார் பணம் எதுவும் இல்லை என்பது அதில் அடக்கம்.

இந்தத் தொடர்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பென்ஷி மனதுக்குள் ஒளிந்திருக்கும் ஆற்றல் இல்லை. கையில் இருக்கும் சரக்கு, நாலு பேர் முன்னால் செய்து காட்டினால்தான் அது உண்டு என்று ஆகும். மரத்தடிச் சவாலில் துணிச்சல் என்ற பொருள் நுழைவதும் இதனால்தான். காட்டுவதற்குப் பயந்தால் சரக்கு இல்லை என்றுதான் அர்த்தம். அந்த வாக்கியத்தில் 'இருந்தால்' என்பதற்கு ஈடான சொல்லே கிடையாது என்பதையும் கவனியுங்கள். "பென்ஷி உண்டு, நீ ஏறி வா" என்று இரண்டு துண்டுகளை அருகருகே வைத்துவிட்டால் முதல் துண்டு தானாகவே நிபந்தனையாகிவிடும்.

அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேறு சொல் இருக்கிறது: 'நெங்லி'. வேலைக்கான நெங்லி, கற்கும் நெங்லி, தொழிற்சாலையின் உற்பத்தி நெங்லி. தொழிற்சாலைக்குப் பென்ஷி இருக்காது. 2021 முதல் நடப்பிலுள்ள சீனக் குடிமைச் சட்டத் தொகுப்பில், எட்டு வயது நிரம்பாத குழந்தைக்குச் சட்டச் செயல்களுக்கான நெங்லி இல்லை. அந்த இடத்தில் பென்ஷி என்று எழுதினால் நீதிபதி சிரித்துவிடுவார். 'நெங்' என்ற எழுத்து முதலில் கரடியின் படம் என்பது கூடுதல் சுவாரசியம். கி.பி. 100 அளவில் ஷு ஷென் தொகுத்த சொல்லகராதி, கரடி உள்ளே திடமான விலங்கு, அதனால்தான் வல்லவர்களுக்கு அந்தப் பெயர் என்று விளக்குகிறது. இன்றைய ஆய்வாளர்கள் ஒலி ஒற்றுமைக்காகக் கடன் வாங்கிய எழுத்து என்கிறார்கள். எனக்கு அகராதிக்காரரின் கதைதான் பிடித்திருக்கிறது, ஆனால் ஆய்வாளர்கள் சொல்வதுதான் சரி. எழுத்தைப் பறிகொடுத்த கரடிக்கு, கீழே நான்கு புள்ளி வைத்த வேறொரு எழுத்து கிடைத்தது.

பென்ஷியை யாரிடம் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். சீனம் கற்ற புதிதில் என் ஆசிரியையைப் புகழ்வதாக நினைத்து "உங்களுக்கு நிறைய பென்ஷி" என்று சொல்லிவைத்தேன். அவர் சிரித்தார். "இதை என் மாமியார் என்னிடம் சொல்வார், நீ சொல்லாதே" என்றார். பெரியவர்களை நேரில் இப்படிப் பாராட்டினால் மேலிருந்து மதிப்பெண் போடுவது போலாகிவிடும். குரலைச் சற்று இழுத்தால் "ஓஹோ, நீ பெரிய ஆள்தான்" என்ற குத்தலும் ஆகிவிடும். தன்னைப் பற்றி "எனக்குப் பெரிய பென்ஷி ஒன்றும் இல்லை" என்பது அடக்கம். அதையே ஒரு மனைவி கணவனைப் பார்த்துச் சொன்னால் அன்று வீட்டில் சமையல் நடக்காது.

அந்த மனைவியின் வாக்கியத்தைத் தமிழில் சொல்ல 'துப்பில்லாத ஆம்பள' போதும், அச்சாகப் பொருந்தும். துப்பு சங்க காலத்தில் வலிமையைக் குறித்த கம்பீரமான சொல். இன்று அந்தப் பொருளில் திட்டும்போதும் சவால் விடும்போதும் மட்டுமே வெளியே வருகிறது. "அவருக்கு நல்ல துப்பு" என்று யாரும் யாரையும் புகழ்வதில்லை. பென்ஷிக்கு அந்த முடக்கம் இல்லை. திட்டு, புகழ், சவால், அடக்கம் நான்குக்கும் நடக்கிறது. கேலிக்கும்தான். சீன இணையத்தில் கல்யாணமாகாத இளைஞர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு தொடர் 'பிங் பென்ஷி தான்ஷென்'. யார் தயவும் இல்லாமல், முழுக்கச் சொந்தப் பென்ஷியில் தனியாளாக இருக்கிறேன் என்று பொருள். துப்பை வைத்து இதைத் தமிழாக்க எத்தனையோ முறை முயன்றுவிட்டேன். ஒவ்வொரு முறையும் "துப்பில்லாததால் கல்யாணமாகவில்லை" என்றுதான் வந்து நிற்கிறது.