திரையைப் பார்த்த கேமரா: டாக்டர் ஹூவின் முதல் அத்தியாயங்கள் பிழைத்த விதம்

டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரின் முதல் அத்தியாயம் 1963 நவம்பர் 23 அன்று மாலை 5.16 மணிக்குப் பிபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த சனிக்கிழமை, இரண்டாம் அத்தியாயத்துக்கு முன்பாக, முதல் அத்தியாயத்தை இன்னொரு முறையும் காட்டினார்கள். இன்று அதைப் பார்க்க உட்காருகிறவர் முதலில் காண்பது, கறுப்புத் திரையின் நடுவே வெண்மையாக எழுந்து, இரண்டாகப் பிளந்து, ஆவிபோல விரிந்து மறையும் ஒளிக்கோடுகளை. எந்தப் பொருளையும் படம்பிடித்து உண்டாக்கியவை அல்ல அவை. ஒரு தொலைக்காட்சிக் கேமராவை, அது அனுப்பும் படத்தையே காட்டிக்கொண்டிருக்கும் திரையை நோக்கித் திருப்பி வைத்துப் பெற்றவை.

மேடையில் மைக்கை ஒலிபெருக்கிக்கு நேராகக் கொண்டுபோனால் காதைக் கிழிக்கும் ஓசை எழுவதை அறிவோம். மைக் வாங்கிய ஓசை பெருகி ஒலிபெருக்கி வழியே வெளிவர, அதை மைக் மறுபடி வாங்க, சுற்றுக்குச் சுற்று அது வலுத்துக்கொண்டே போகிறது. ஒளியிலும் இதுவே நிகழும். திரையில் தோன்றும் சிறு வெளிச்சப் புள்ளியைக் கேமரா பார்க்கிறது. பார்த்ததைத் திரை சற்று இடம் மாறியும் சற்று வலுத்தும் காட்டுகிறது. அதைக் கேமரா மீண்டும் பார்க்கிறது. வடிவமைப்பாளர் பெர்னார்ட் லாட்ஜ் இவ்வாறு கிடைத்த உருவங்களிலிருந்து அந்த முகப்புக் காட்சியை அமைத்தார். கணினி வரைகலை தொலைக்காட்சிக்கு வராத காலத்தில் செய்த வேலை அது; இன்றும் அதன் விநோதம் குறையவில்லை என்றே எனக்குப் படுகிறது.

திரையைப் பார்க்கும் கேமரா என்ற இந்த ஏற்பாட்டை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முகப்புக் காட்சியை உண்டாக்கிய அதே ஏற்பாடு, வேறொரு வடிவில், தொடரின் முதல் ஆண்டுகளை நமக்குக் காப்பாற்றித் தந்திருக்கிறது. இன்று நாம் பார்ப்பவை 1963-இல் பதிவான நாடாக்கள் அல்ல. அவற்றைத் திரையில் ஓடவிட்டு, அந்தத் திரையைப் படம்பிடித்த பிலிம் சுருள்கள். படத்தின் படம் என்பதால் அவற்றில் எது தங்கியது, எது தவறியது என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய தொலைக்காட்சிப் படம் எவ்வாறு உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சிப் படம் 405 கிடைவரிகளால் ஆனது. நொடிக்கு 25 முழுப் படங்கள் அனுப்பப்பட்டன. ஆனால் நொடிக்கு 25 தடவை மட்டுமே ஒளிரும் திரை கண்ணுக்கு மினுக்மினுக்கென்று துடிக்கும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் இரு பாதிகளாகப் பிரித்து, முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சில வரிகளையும், பிறகு இடையில் விட்டுப்போன வரிகளையும் வரைந்தார்கள். இந்தப் பாதிப்படத்தைப் பீல்டு என்பார்கள். அந்நாட்டு மின்சாரத்தின் அலைவெண்ணுக்கு ஒத்துப்போகுமாறு, நொடிக்கு 50 பீல்டுகள் திரையில் வந்தன. இதில் எளிதாகக் கவனத்திலிருந்து நழுவிவிடும் செய்தி ஒன்று உள்ளது: இரு பாதிகளும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை அல்ல. இரண்டாவது பாதியைக் கேமரா வரையும்போது நொடியில் 50-இல் ஒரு பங்கு கடந்திருக்கும். நடிகரின் கை அதற்குள் சற்று நகர்ந்திருக்கும். எனவே அசைவின் கணக்கில் பார்த்தால் பார்வையாளர் நொடிக்கு 25 அல்ல, 50 வெவ்வேறு கணங்களைக் கண்டார். ஸ்டுடியோ நாடகம் சினிமாபோல் அல்லாமல், இப்போதே பக்கத்து அறையில் நடப்பதுபோல் வழுக்கிச் செல்லும் அசைவோடு தோன்றியதற்கு இதுவே காரணம்.

இந்தப் படம் இரண்டு அங்குல அகலக் காந்த நாடாவில் பதிவாயிற்று. 405 வரிப் படத்துக்கு ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்கள் தேவைப்பட்டன. மனிதக் காதுக்கு எட்டும் ஒலியோ 20 கிலோஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடுகிறது. அவ்வளவு வேகமான மின்சைகையைப் பதிய, நாடா பதிவுமுனையைக் கடும் வேகத்தில் கடக்க வேண்டும். நாடாவையே அவ்வாறு ஓட்டினால் சில நிமிடங்களில் சுருள் தீர்ந்துபோகும். அதனால் நாடாவை நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் வேகத்தில் நகரவிட்டு, நான்கு பதிவுமுனைகள் பொருத்திய சிறு சக்கரத்தை அதன் குறுக்கே நிமிடத்துக்கு 15,000 சுற்று வேகத்தில் சுழற்றினார்கள். முனைக்கும் நாடாவுக்கும் இடையிலான வேகம் இதனால் நொடிக்குச் சுமார் 40 மீட்டராயிற்று.

பதிவின் தடங்கள் நாடாவில் குறுக்குவாட்டில் அமைந்ததால், ஒரு காட்சியை வெட்டி ஒட்டுவது பெருங்கஷ்டமாக இருந்தது. தடங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. நுண்ணிய இரும்புத்தூள் கலந்த திரவத்தைப் பூசி, அவற்றைப் புலப்படுத்தி, உருப்பெருக்கியின் உதவியால் சரியான இடைவெளியில் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டுப்பட்ட நாடாவை மீண்டும் பயன்படுத்துவதும் சிக்கல். விலையுயர்ந்த நாடா என்பதால், லைம் குரோவ் ஸ்டுடியோவில் ஒரு வெள்ளிக்கிழமை மாலைக்குள் அத்தியாயம் முழுவதையும், மேடை நாடகம்போல, ஏறக்குறைய தொடர்ச்சியாக நடித்து முடித்தார்கள். கதாநாயகன் வில்லியம் ஹார்ட்னல் வசனத்தில் தடுமாறும் இடங்களைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். நிறுத்தித் திருத்திக்கொள்ளும் வசதியே இல்லாத ஏற்பாட்டில் அவர் வாரந்தோறும் 25 நிமிடம் தாங்கி நின்றார் என்பதை நினைத்தால் எனக்கு மரியாதையே மிஞ்சுகிறது.

ஒலி நாடாவுக்கு இந்தத் தடை கிடையாது. அதைப் பிளேடால் எளிதாக வெட்டலாம். ரான் கிரெய்னர் எழுதிய முகப்பு இசையைப் பிபிசியின் சிறப்பு ஒலிக்கூடமான ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்பில் டெலியா டெர்பிஷைர் உருவாக்கியது அவ்வாறுதான்: மீட்டிய ஒற்றைக் கம்பியின் ஓசையையும் மின்னலைகளை உண்டாக்கும் கருவிகளான அலையியற்றிகளின் ஓசையையும் பதிந்து, வேகத்தை மாற்றிச் சுரம் சேர்த்து, சுரத்துக்கொரு துண்டாக நாடாவை வெட்டி ஒட்டினார்.

இனி பிலிமுக்கு வருவோம். வெளிநாட்டுத் தொலைக்காட்சி நிலையங்களுக்குத் தொடரை விற்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 625 வரிகள், வட அமெரிக்காவில் 525 வரிகள். பிரிட்டனின் 405 வரி நாடா அங்கே ஓடாது. எல்லா நிலையங்களிலும் ஓடக்கூடியது 16 மில்லிமீட்டர் பிலிம் ஒன்றுதான். ஆகவே துல்லியமான சிறு திரை ஒன்றில் நாடாவை ஓடவிட்டு, அதன் எதிரே, அதே தாளத்துக்குக் கட்டுப்பட்ட பிலிம் கேமராவை நிறுத்தினார்கள். இதற்கு டெலிரெக்கார்டிங் என்று பெயர்.

கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையின் முடிச்சு நேரத்தில் இருக்கிறது. பிலிம் கேமரா ஒரு பிரேமை எடுத்ததும் ஷட்டரை மூடி, பிலிமை அடுத்த பிரேமுக்கு இழுக்க வேண்டும். தொலைக்காட்சித் திரையோ பீல்டுக்குப் பீல்டு இடைவெளி தராமல் வரைந்துகொண்டே போகிறது. ஒரு வழி, ஒரு பீல்டு ஓடும்போது பிலிமை இழுத்துவிட்டு, மற்றொரு பீல்டை மட்டும் படம்பிடிப்பது. இதில் வரிகளில் பாதி அப்படியே போய்விடும். இன்னொரு வழி, ஒளி சற்றுநேரம் தங்கும் பாஸ்பர் என்ற ஒளிர்பொருள் பூசிய திரையைப் பயன்படுத்துவது. ஷட்டர் மூடியிருக்கையில் முதல் பீல்டு திரையில் வரையப்பட்டு மங்காமல் நிற்கும். இரண்டாவது வரையப்படும்போது ஷட்டர் திறக்க, இரண்டும் சேர்ந்து ஒரே பிரேமில் விழும். முதல் பீல்டு அதற்குள் ஓரளவு மங்கிவிடும் என்பதால் அதை முன்கூட்டியே கூடுதல் பிரகாசத்தோடு வரைந்தார்கள். வரிகள் காப்பாற்றப்பட்டன. ஆனால் இரு வழியிலும் பிலிமில் நின்றது நொடிக்கு 25 படங்கள்தான். வழுக்கிச் செல்லும் அந்த அசைவு தொலைந்துபோனது.

இந்தப் பிலிம்கள் கடல் கடந்து போன பிறகு, மூல நாடாக்கள் அழிக்கப்பட்டன. நாடாவை அழித்துப் புதிய நிகழ்ச்சியைப் பதியலாம் என்பதும், நடிகர்களின் ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின என்பதும், வண்ணமும் 625 வரியும் வந்தபின் கறுப்புவெள்ளைப் படங்களுக்கு விற்பனை இராது என்று எண்ணியதும் காரணங்கள். 1970-களில் பிலிம்களிலும் பல கழிக்கப்பட்டன. முதல் ஆறு ஆண்டுகளின் 253 அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்று இல்லை. மீண்டு வந்தவற்றில் சில வெகுதொலைவிலிருந்து வந்தவை. 2013-இல் அறிவிக்கப்பட்ட ஒன்பது அத்தியாயங்கள் நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் கிடைத்தன.

எஞ்சிய பிலிம்களில் தொலைந்த அசைவை மீட்க, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்ஃபயர் என்ற முறை வந்தது. கணினி அடுத்தடுத்த இரு பிரேம்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு பகுதியும் எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. அந்த வழியின் பாதியில் அது இருந்திருக்கக்கூடிய நிலையை வரைந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு பீல்டாகச் செருகுகிறது. நொடிக்கு மீண்டும் 50 கணங்கள். செருகப்பட்டவை கணிப்புதான், மூலம் அல்ல. ஆயினும் தொடரின் ஆஸ்டெக்ஸ் என்ற கதையை முதலில் பழைய பிலிம் வடிவிலும் பிறகு இந்த வடிவிலும் பார்த்தபோது, கண்ணாடித் தடுப்பை யாரோ நகர்த்தியதுபோல நடிகர்கள் எனக்கு அருகே வந்துவிட்டார்கள். இதில் ஒரு நேர்மையும் கடைப்பிடிக்கப்படுகிறது: அத்தியாயங்களின் இடையிடையே தொடக்கத்திலேயே பிலிமில் எடுக்கப்பட்ட காட்சிகள் உண்டு, 1963-இன் பார்வையாளரும் அவற்றைப் பிலிம் அசைவோடுதான் கண்டார் என்பதால் அவற்றை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள்.

அழிந்த அத்தியாயங்களிலும் ஒலி முழுமையாக இருக்கிறது. வீட்டு டேப்ரெக்கார்டரால் 3 மெகாஹெர்ட்ஸ் படத்தைத் தொடவே முடியாது. பேச்சையும் இசையையும் அது நன்றாகவே பிடிக்கும். தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே மைக்கை வைத்துப் பதிந்த ரசிகர்கள் சிலரின் நாடாக்களிலிருந்து, விடுபட்ட ஒவ்வோர் அத்தியாயத்தின் ஒலியும் கிடைத்துவிட்டது. படத்துக்கு இன்னொரு கேமரா துணை நின்றது. ஜான் கியூரா என்பவர் தம் வீட்டுத் தொலைக்காட்சித் திரையை நிழற்படக் கேமராவால் எடுத்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் நினைவுப்பதிவாக விற்றுவந்தார். அத்தியாயத்துக்கு அறுபது, எழுபது படங்கள்.

1964-இன் தொடக்கத்தில் ஒளிபரப்பான மார்க்கோ போலோ கதையின் ஏழு அத்தியாயங்களும் அழிந்தவை. முதல் கதையை இயக்கிய, லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன்தான் அவற்றில் ஆறையும் இயக்கினார். கியூராவின் படங்கள் அவரிடம் பத்திரமாக இருந்தன. அந்த ஆறையும் ஒலியோடு படங்களை அடுக்கி ஓரளவு பார்க்கலாம். நான்காவதை ஜான் குரோக்கெட் இயக்கினார். அதற்கு ஒலி மட்டுமே உள்ளது.