டெசாவுக்குக் கிடைக்காத 72 மணி நேரம்

ஆஷிக் அபு இயக்கி 2012 ஏப்ரலில் வந்த '22 ஃபீமேல் கோட்டயம்' என்ற மலையாளப் படத்தை, பழிவாங்கும் பெண்ணின் கதை என்றால் இன்றும் முதலில் சொல்கிறார்கள். 2014இல் ஸ்ரீப்ரியா இதைத் தமிழில் 'மாலினி 22 பாளையங்கோட்டை' என்று எடுத்தார். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களைப் பரிசோதித்துச் சிகிச்சை கொடுக்கும் மருத்துவர் நான். இந்தப் படத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, தீராத மனக்குறையும் உண்டு. கதையை முடிவுவரை சொல்லித்தான் பேச முடியும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டே வரலாம்.

டெசா, கோட்டயத்திலிருந்து வந்து பெங்களூரில் வேலை பார்க்கும் நர்ஸ். கனடா போக வேண்டும் என்பது அவள் கனவு. விசா வேலையாகப் போன இடத்தில் சிரில் பழக்கமாகிறான். காதலாகி இருவரும் சேர்ந்து வாழத் தொடங்குகிறார்கள். சிரிலின் முதலாளி ஹெக்டே அவளை வன்கொடுமை செய்கிறான். காயங்கள் ஆறிய பிறகு மன்னிப்புக் கேட்க வந்தவன், இரண்டாவது முறையும் அதையே செய்கிறான். அவள் எதிர்த்து நிற்பாள் என்று தெரிந்ததும், காதலனே அவள் பையில் போதைப்பொருளை வைத்துச் சிறைக்கு அனுப்புகிறான். வெளியே வந்தவள் ஹெக்டேயைப் பாம்பை வைத்துக் கொல்கிறாள். சிரிலுக்கு மயக்க மருந்து கொடுத்து ஆணுறுப்பை வெட்டுகிறாள்.

முதலில் மரியாதையைச் சொல்லிவிடுகிறேன். குற்றவாளி இருட்டில் பாயும் முன்பின் தெரியாதவன் அல்ல, தெரிந்தவன், நம்பிக்கைக்கு உரியவனின் முதலாளி. இது அப்படியே உண்மை. இந்தியாவில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஏற்கெனவே தெரிந்தவர்கள் செய்தவை என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு ஆண்டுதோறும் காட்டுகிறது.

இன்னொன்று இதைவிடப் பெரியது. தான் கன்னி இல்லை என்பதை டெசா காதலனிடம் வெளிப்படையாகச் சொல்கிறாள். படம் அதற்காக அவளைத் தண்டிக்கவில்லை, அவள் பட்ட வலியை அதனால் குறைத்தும் மதிப்பிடவில்லை. படம் வந்த 2012இல் நம் மருத்துவமனைகளின் நிலைமை என்ன? வன்முறைக்கு ஆளான பெண்ணின் பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரு விரல் பரிசோதனை' செய்து, உடலுறவுக்குப் பழக்கப்பட்டவள் என்று சான்றிதழில் எழுதும் வழக்கம் நடைமுறையில் இருந்தது. அந்தப் பரிசோதனை பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2013இல். 2014இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் அதைக் கூடாது என்றது. அப்புறமும் நிற்காததால், செய்கிற மருத்துவர் ஒழுங்கீனம் செய்தவர் ஆவார் என்று 2022இல் நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் துறை இவ்வளவு காலம் எடுத்துக்கொண்ட ஒரு விஷயத்தை, ஒரு வணிகப் படம் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டுப் போனது.

சரி, மனக்குறைக்கு வருகிறேன். முதல் வன்கொடுமைக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சிரில் கொதிக்கிறான், டெசா அவனை அடக்குகிறாள், விஷயம் பெரிதாகாமல் சீக்கிரம் கனடா போய்விட வேண்டும் என்கிறாள். நாயகி ஒரு நர்ஸ், அவள் தினமும் போய்வருவது மருத்துவமனைக்கு. ஆனாலும் சிகிச்சை, தடயம், புகார் என்று ஒரு வழி இருப்பதைக்கூட அந்த இடத்தில் படம் பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. போகும் இடமெல்லாம் மூடியிருந்தது என்று காட்டியிருந்தால் அது வேறு கதை. இங்கே அவள் கதவையே தட்டுவதில்லை. பழிவாங்கல் நடப்பதோ வெகு நாள் கழித்து. என்னிடம் வரும் பெண்களுக்கு எல்லாம் அடங்கியிருப்பது முதல் மூன்று நாளில்.

எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் தொடங்கினால் இன்னும் நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கருத்தடைக்கான அவசர மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் எடுத்தால் நன்றாக வேலை செய்யும், ஐந்து நாள் வரை ஓரளவு பலன் உண்டு. உடலிலிருந்து தடயங்களை 96 மணி நேரம் வரை எடுக்கலாம். குளிக்காமல் வருவது நல்லது. குளித்துவிட்டீர்களா, பரவாயில்லை, வாருங்கள். அப்போது உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் போட்டு எடுத்துவாருங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். போலீசில் புகார் கொடுத்த பிறகுதான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுமே இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும். மறுத்தால் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. 2013 முதலே இது சட்டம்.

படத்தில் டெசாவின் உடலெங்கும் காயம், அதனால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. ஆனால் நான் பார்க்கும் பெண்களில் பலர் உடலில் ஒரு கீறல்கூட இருக்காது. பயத்தில் உடல் உறைந்து கை கால் அசையாமல் போவது மிகவும் சாதாரணம். காயம் இல்லை என்பதால் சம்மதம் இருந்தது என்று ஆகாது. குடும்பத்தினருக்கு இதைப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் போகிறது.

அந்த வெட்டும் காட்சிக்குக் கைதட்டியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கிற நாட்டில் அந்தக் கைதட்டலுக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் நர்சிங் அறிவைக் கொண்டே ஒருவனை மயக்கிக் கத்தி வைப்பதை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. உறுப்பை எடுத்துவிட்டால் குற்றம் நிற்கும் என்ற எண்ணமும் தவறு. கையாலும் பொருளாலும் செய்யும் வன்முறையையும் 2013 சட்டத்திருத்தம் வன்கொடுமை என்கிறது. பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்தப் பரிந்துரை செய்ய அமைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜனவரியில் அறிக்கை கொடுத்த நீதிபதி வர்மா குழு, ஆண்மை நீக்கத் தண்டனையை ஏற்கவில்லை. ஹெக்டேயைச் செயல்பட வைத்தது அவன் பணமும், கேட்க ஆள் இல்லை என்ற துணிவும்தான்.

டெசாவாக நடித்த ரீமா கல்லிங்கலை நினைத்தால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2017 பிப்ரவரியில் கேரளத்தில் ஒரு நடிகை காரில் கடத்தித் தாக்கப்பட்டார். அவர் சட்டத்தின் வழியில் போனார். வழக்கு நீண்டது, அவர் பின்வாங்கவில்லை. அவருக்குத் துணையாக எழுந்த, மலையாளத் திரையுலகப் பெண்களின் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ரீமாவும் ஒருவர். ஹெக்டேக்கள் நிஜமாகப் பயப்பட வேண்டியது இந்த மாதிரிக் கூட்டுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, வெளிநாடு போகக் காத்திருக்கும் நர்ஸ்களுக்கு. புகார் கொடுத்தால் போலீஸ் தடையில்லாச் சான்றிதழ் கிடைக்காது, விசா போய்விடும் என்ற பயத்தில் பலர் வாயைத் திறப்பதில்லை. புகார் கொடுத்தவர் மேல் குற்றப் பதிவு எதுவும் ஏறாது. சம்பவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் இருக்கும் ஊரின் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம், அவர்கள் உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 181க்கு அழையுங்கள். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள், மருத்துவம், வழக்கறிஞர், தங்குமிடம் மூன்றும் அங்கே கிடைக்கும்.