அமீரக வேலை விசா புதுப்பிப்பு: நீலகிரியிலிருந்து போனவர்களும் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

கூடலூர், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து துபாய்க்கும் சார்ஜாவுக்கும் வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் கம்பெனி விசாவில் இருப்பவர்கள். தனியார் கம்பெனி என்றால் அந்த விசா வழக்கமாக இரண்டு வருடம். அது முடியும்போது ஒன்றையல்ல, மூன்றைப் புதுப்பிக்க வேண்டும்: தொழிலாளர் அமைச்சகம் தரும் ஒர்க் பெர்மிட், ரெசிடென்ஸ் விசா, எமிரேட்ஸ் ஐடி. ஒர்க் பெர்மிட்டைத்தான் நம்மவர்கள் லேபர் கார்டு என்கிறார்கள். மூன்றின் தேதியும் ஒட்டியொட்டி வந்தாலும் ஒரே நாளாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2022 ஏப்ரலிலிருந்து பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. ஐடி அட்டைதான் விசாவுக்கும் சான்று. ஆகவே வீட்டில் இருக்கும் பழைய பாஸ்போர்ட் நகலைப் பார்த்து தேதியைக் கணக்கிட்டால் தப்பாகிவிடும். ஐடி அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து ஊரில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

செலவு முழுக்க முதலாளியுடையது. இதை அடித்துச் சொல்லக் காரணம், ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டத்தின் (2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம்) 6-ஆம் பிரிவு, வேலைக்கு எடுப்பதற்கும் வைத்துக்கொள்வதற்கும் ஆகும் செலவை நேராகவோ சுற்றிவளைத்தோ தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்கிறது. சம்பளத்தில் மாதம் நூறு திர்ஹாம் என்று பிடித்துக்கொள்வதும் இதில் அடங்கும். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்வதையும் அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுக்கிறது. புதுப்பிப்புக்காகக் கொடுத்தால், அந்தக் காரியம் முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுப்பிப்பு நடக்கும் விதம் இது. முதலில் கம்பெனியின் பி.ஆர்.ஓ. (அரசு அலுவலக வேலைகளைக் கவனிப்பவர்) ஒர்க் பெர்மிட் புதுப்பிப்புக்கு விண்ணப்பிப்பார்; அதோடு புதிய ஒப்பந்தம் உங்கள் கையெழுத்துக்கு வரும். பிறகு மெடிக்கல், இன்சூரன்ஸ், ஐடி, கடைசியில் விசா. மற்ற எல்லாவற்றையும் விட ஒப்பந்தத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் அமைச்சகத்தின் ஒப்பந்தப் படிவம் உண்டு. தமிழில் வேண்டும் என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய இடம் அடிப்படைச் சம்பளம். மொத்தம் குறையாமல் அடிப்படையை இறக்கி அலவன்ஸை ஏற்றிக் கொடுப்பார்கள். கைக்கு வருவது அதே 2000 திர்ஹாம் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கு: முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். அதுவும் கடைசியாக வாங்கிய அடிப்படையை வைத்து. 1500 அடிப்படை என்றால் ஒரு நாளைக்கு 50, வருடத்துக்கு 1050, நான்கு வருடத்துக்கு 4200 திர்ஹாம். அதையே 1000 ஆக்கிவிட்டால் நான்கு வருடத்துக்கு 2800-தான். ஒரு கையெழுத்தில் 1400 போய்விடும்.

புதுப்பித்தால் பழைய சர்வீஸ் அறுந்துவிடாது. புதிய காலமும் பழையதன் தொடர்ச்சியாகவே சேரும் என்று சட்டம் சொல்கிறது. புதுப்பிக்கும் சமயத்தில் ‘பாக்கி எதுவும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள்.

மெடிக்கலில் ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். எக்ஸ்ரே பார்ப்பது காசநோய்க்காக. முன்பு காசநோய் வந்து குணமானவர்களின் நுரையீரலில் தழும்பு தெரியலாம். அப்போது கூடுதல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், நாள் இழுக்கும். ஊட்டியிலோ குன்னூரிலோ அரசு மருத்துவமனையில் சிகிச்சை முடித்த சீட்டு இருந்தால், அதை வீட்டிலிருந்து முன்கூட்டியே வரவழைத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரி 1 முதல் எல்லா எமிரேட்டிலும் மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாமல் விசா புதுப்பிக்க முடியாது. இதுவும் முதலாளி செலவு. வேலையிழப்புக் காப்பீடு மட்டும் உங்கள் பொறுப்பு. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாம் வரை உள்ளவருக்கு மாதம் 5 திர்ஹாம், வரி தனி. சேராதவருக்கு 400 திர்ஹாம் அபராதம். மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் விட்டால் 200. அபராதம் நிலுவையில் இருந்தால் அடுத்த ஒர்க் பெர்மிட் கிடைக்காது. அஞ்சு திர்ஹாம் விஷயத்தில் இப்படி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இனி லீவு. மலைக்காரர்களுக்குச் சிக்கல் வருவது இதில்தான். ஹெத்தை ஹப்பாவுக்கோ, பொக்காபுரம் திருவிழாவுக்கோ, பிள்ளைகளின் மே மாத லீவுக்கோ வரும்போது விசாவில் இருபது நாள்தான் மிச்சம் என்றால் வராதீர்கள். மெடிக்கலுக்கும் கைரேகைக்கும் நீங்கள் அமீரகத்துக்குள் இருந்தாக வேண்டும். விசா முடிந்துவிட்டால் அந்த அட்டையை வைத்து விமானம் ஏற முடியாது; முதலாளி புதிதாக என்ட்ரி பெர்மிட் எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், அதற்கு அவர் மனம் வைக்க வேண்டும். புதுப்பித்துவிட்டு வருவதே சரி.

விசா செல்லுபடியாக இருந்தாலும் 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அது ரத்தாகிவிடும். அம்மாவின் ஆபரேஷன், காடு விற்பனை என்று தங்கிவிடுபவர்கள் வந்திறங்கிய நாளிலிருந்து நாளை எண்ணுங்கள். உண்மையான காரணமும் ஆதாரமும் இருந்தால் மறு நுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கூடுதலாக இருந்த ஒவ்வொரு 30 நாளுக்கும் 100 திர்ஹாம் அபராதம் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அங்கேயே இருந்து விசா தேதி தாண்டினால், சலுகை நாட்கள் கழிந்த பின் நாளுக்கு 50 திர்ஹாம். ஐடி அட்டைக்கு 30 நாள் கழித்து நாளுக்கு 20, அதிகபட்சம் 1000. தாமதம் கம்பெனியால் என்றால் அதைக் காட்ட, பி.ஆர்.ஓ.வுக்கு வாட்ஸப்பில் எழுத்தாக நினைவூட்டி வைத்திருப்பது உதவும். வாய்ச்சொல் நிற்காது.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும். அங்கேயே விண்ணப்பித்தாலும் போலீஸ் விசாரணை ஊர் முகவரிக்கு வரலாம். எஸ்டேட் லயன் வீட்டில், டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது உண்மையான சிரமம்: அப்பா ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்திருப்பார், பாஸ்போர்ட்டில் பழைய டிவிஷன் முகவரியே இருக்கும், விசாரிக்கப் போனால் அங்கே வேறு குடும்பம். புதிய முகவரிக்கு ஆதார், ரேஷன் கார்டை மாற்றிவிட்டு அதையே விண்ணப்பத்தில் எழுதுங்கள். லீவில் வந்து புதுப்பிப்பவர்களுக்கு நீலகிரி கோவை வட்டார பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது.

பெயரிலும் கவனம். நம் பலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான், குடும்பப் பெயர் கட்டம் காலி. புதுப்பிக்கும்போது இனிஷியலை விரித்து எழுதினால் விசாவிலும் வங்கியிலும் உள்ள பெயரோடு ஒத்துப்போகாது. மாற்றுவதானால் பி.ஆர்.ஓ.விடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

பத்தாவது முடிக்காமல் ஈ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை என்ற முத்திரை) பாஸ்போர்ட்டில் போனவர்களுக்கு இரண்டு விஷயம். விட்டுவிட்டுச் சேர்த்தாவது மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருந்தால், புதுப்பிக்கும்போது அந்த முத்திரையை நீக்கக் கேட்கலாம். மற்றொன்று, போகும்போது எடுத்த பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசி: விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய். இரண்டு வருடத்துக்கு 275, மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. எடுத்த காலம் முடிந்ததும் இதுவும் முடிகிறது. விசாவைப் புதுப்பிக்கிறார்கள், இதை மறந்துவிடுகிறார்கள். ஆன்லைனிலேயே புதுப்பிக்கலாம்.

பணம் கேட்டாலோ, பாஸ்போர்ட் தராவிட்டாலோ, தேதி தாண்டியும் புதுப்பிக்காவிட்டாலோ அமைச்சகத்தின் 600590000 எண்ணிலும், தொழிலாளர் புகாருக்கான 80084-லும் சொல்லலாம். இந்தியத் தூதரக உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 80046342. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் ஃப்ரீ ஸோன் கம்பெனிக்காரர்களுக்கும் ஒப்பந்த நடைமுறை வேறு. விசா, ஐடி, 180 நாள் கணக்கு மட்டும் அவர்களுக்கும் இதேதான்.