காணி எங்கே போகும்?

சிங்கப்பூரில் நான் பார்க்கும் வக்கீல் வேலையில் யாழ்ப்பாணத்துக் காணிகளும் அவ்வப்போது மேசைக்கு வரும். வெள்ளைக்காரன் காலத்தில் குமாஸ்தா வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் இங்கே வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், போருக்குப் பயந்து வந்தவர்களின் சொந்தங்கள் என்று பலர். காகிதம் இருக்கிறதா என்று கேட்டால், "காணி அங்கதானே இருக்கு தம்பி, எங்க போகப் போகுது?" என்பார்கள்.

போகும். 2025 மார்ச் 28 அன்று இலங்கை அரச வர்த்தமானியில், அதாவது அரசிதழில், ஓர் அறிவித்தல் வந்தது. வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அவை அரச காணியாகிவிடும் என்றது அது. அதற்குக் கையில் எடுத்த சட்டம் 1931ஆம் ஆண்டுடையது! இடம்பெயர்ந்து உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, தொலைத்தவருக்கும் கடல் கடந்து இருப்பவருக்கும் மூன்று மாதம் எந்த மூலைக்கு? எதிர்ப்பு கிளம்பி, வழக்கும் தொடுத்த பிறகு ஜூன் கடைசியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

காணிப் போராட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவு பிலவுக்குடியிருப்பு. 2017இல் பெண்களும் குழந்தைகளும் விமானப்படை முகாம் வாசலில் ஒரு மாதம் இராப்பகலாக உட்கார்ந்து தங்கள் நிலத்தை மீட்டார்கள். அந்தத் துணிச்சல் நமக்கு வராது, சரி. இங்கிருந்தே செய்யக்கூடிய காகித வேலையையாவது செய்யலாமே?

அண்மையில் ஒரு அம்மா கொண்டுவந்த பழைய உறுதியில் நாலு பரப்புக் காணி (பரப்பு என்பது யாழ்ப்பாணத்து நில அளவு), கிணற்றில் பாதிப் பங்கு, வழிக்கும் வாய்க்காலுக்கும் உள்ள பாத்தியதை எல்லாம் எழுதியிருந்தது. எல்லையாகச் சொல்லியிருந்த அயற்காணிக்காரர் இருவரும் இப்போது உயிரோடு இல்லை. அந்தப் பக்கம் வேலி நகர்ந்தால் யார் சாட்சி சொல்வது? ஒருவர் பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் தன் காணி போல ஆண்டுவிட்டால், இலங்கைச் சட்டப்படி உரிமை கேட்க முடியும்.

உறுதி தொலைந்திருந்தாலும் கலங்க வேண்டாம். உறுதி இலக்கம், அதை எழுதிய நொத்தாரிசின் (நோட்டரியின்) பெயர், ஆண்டு தெரிந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி தேடலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துவிட்டோமே என்றும் தயங்க வேண்டாம். வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம், முதுசமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக, வருவதைத் தடுப்பதில்லை.

அப்புறம், அற்றோனித் தத்துவம், அதாவது நமக்காகச் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். ஊரில் இருக்கும் மச்சானுக்குத்தானே என்று முழு அதிகாரத்தையும் எழுதிக் கொடுக்காதீர்கள். எந்தக் காணி, என்ன வேலை, எதுவரைக்கும் என்று குறிப்பிட்டு, விற்கவோ ஈடு வைக்கவோ அதிகாரம் இல்லை என்றும் எழுதச் சொல்லுங்கள். மச்சான் கோபித்துக்கொண்டால் வக்கீல்தான் அப்படி எழுதச் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.