ரெண்டு பூஸ்டர் ஆன்டெனா, ஒரு டிவி: ஆஃப் பண்ணின சுவிட்ச்ல சிக்னல் எப்படி கசியுது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார், ரெண்டு திசையில டவர் இருக்கு, திசைக்கு ஒரு ஆன்டெனா, ரெண்டுலயும் பூஸ்டர், தனித்தனியா போட்டா சூப்பரா வருது, ஒரு கேபிளை ரெண்டாப் பிரிக்கற ஸ்ப்ளிட்டரைத் திருப்பிப் போட்டு ஒண்ணா சேர்த்தா மட்டும் படம் கட்டம் கட்டமா உடையுதுன்னு.

ஒரே சேனல் ரெண்டு ஆன்டெனாவுலயும் கொஞ்சமாவது விழும். 500 மெகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 60 செ.மீ., அதுல பாதி பின்தங்கி வந்தா ஒண்ணோட மேடும் இன்னொண்ணோட பள்ளமும் சேர்ந்து கழிஞ்சு போயிரும். கேபிளுக்குள்ள அலை மெதுவா ஓடும், அதனால நீளத்துல 20-25 செ.மீ. வித்தியாசமே இதுக்குப் போதும். ஆக, சேர்க்காம மாத்தி மாத்திப் பார்க்க ஒரு சுவிட்ச் வேணும்.

சாதா சுவிட்ச் போட்டா என்ன? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இருக்கு. ஆஃப் பண்ணின சுவிட்ச்னா என்ன, ரெண்டு உலோகத் துண்டு, நடுவுல காத்து. ஸ்கூல்ல கெப்பாசிட்டர்னு படிச்சோமே, அதேதான்! அதோட மதிப்பு வெறும் 1 பிகோஃபேரட்னு வெச்சுக்குவோம். வீட்டு கரண்டோட 50 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 318 கோடி ஓம் தடை, அதனாலதான் லைட் அணையுது. 500 மெகாஹெர்ட்ஸ்ங்கிறது அதைவிட 1 கோடி மடங்கு வேகம், அதனால தடையும் 1 கோடி மடங்கு குறைஞ்சு வெறும் 318 ஓம்ல வந்து நிக்குது. டிவி கேபிளே 75 ஓம், அப்போ 318 எல்லாம் ஒரு தடையா? கண்ணுக்குத் தெரியற இடைவெளியை அலை பாட்டுக்குத் தாண்டிப் போகுது, அதுவும் 20 டெசிபல் பூஸ்டர் சிக்னலோட பவரை 100 மடங்கு பெருக்கி அனுப்பினதுக்கு அப்புறம்.

ரெண்டு ஆன்டெனாவுல ஒண்ணை மட்டும் டிவியோட சேர்க்கற சுவிட்ச்சுக்கு ஏ-பி சுவிட்ச்னு பேர். நல்ல ஏ-பி சுவிட்ச் செய்யுறவங்க இந்தக் கசிவை முழுசா அடைக்கப் பார்க்கறதில்ல, அது ஓடிப்போக சுலபமான வேற பாதை ஒண்ணு காட்டிடறாங்க. ஆஃப்ல இருக்கற பக்கம் தொடர்பு விடுபடும்போதே அந்த முனை எர்த்தோட சேர்ந்துரும். எதிர்ல 318 ஓம், பக்கத்துல கிட்டத்தட்ட பூஜ்யம், கசிய வந்ததுல பெரும்பகுதி எர்த்துக்கே போயிரும். இப்படி அடுக்கடுக்கா செஞ்சா 60 டெசிபல் பிரிப்பு கிடைக்கும், அதாவது 10 லட்சத்துல 1 பங்குதான் அந்தப் பக்கம் போகும். வாங்கறப்போ விலையைவிட இந்த எண்ணைப் பாருங்க.

இதுக்கும் மேல ஒரு வழி, பார்க்காத ஆன்டெனாவோட பூஸ்டர் அடாப்டரையே அணைச்சிடுங்க. பூஸ்டருக்குள்ள சிக்னலைப் பெருக்கறது டிரான்சிஸ்டர்தான், பவர் இல்லைன்னா அது பெருக்காது, பெரும்பாலான பூஸ்டர்ல கடக்கவும் விடாது. சில மாடல் மட்டும் பவர் போனா நேரா கடத்தி விடுற மாதிரி இருக்கும், அதைப் பார்த்துக்கணும்.

பூஸ்டருக்கான டிசி கரண்ட் சிக்னல் வர்ற அதே கேபிள்லதான் மேல ஏறுது, அதனால கரண்டைச் செலுத்துற பெட்டியை ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனியா, சுவிட்ச்சுக்கு முன்னாடியே மாட்டுங்க. சுவிட்ச்சுக்கும் டிவிக்கும் நடுவுல வெச்சா டிசியும் சுவிட்ச் வழியா போகணும், பல சுவிட்ச் அதுக்காகச் செஞ்சது இல்ல.

அப்புறம் படம் சரியா வரலைன்னதும் இன்னும் பெரிய பூஸ்டர் வாங்கற பழக்கம், அது சுத்த மூடநம்பிக்கை. பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்தேதான் பெருக்குது, பக்கத்துல டவர் இருந்தா டிவிக்குள்ள சேனலைப் பிடிக்கற டியூனரே திணறிப்போகும். முதல்ல பூஸ்டரைக் கழட்டிட்டு ஒரு தடவை சேனல் ஸ்கேன் பண்ணிப் பாருங்க.