தினமும் கேரட் ஜூஸ் குடித்தும் ஏன் டாக்டர்?

ஐம்பத்திரண்டு வயதுக்காரர். ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விழித்திரையில் ஆங்காங்கே இரத்தம் கசிந்திருப்பதைப் படத்தில் காட்டியபோது, அவர் முகத்தில் பயத்தைவிடக் கோபமே அதிகம் தெரிந்தது.

"ஐந்து வருடமாகத் தினமும் காலையில் கேரட் ஜூஸ் குடிக்கிறேனே டாக்டர்!"

என்ன சேர்த்து என்று கேட்டேன். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றார். பக்கத்தில் இருந்த மனைவி, "மூன்று" என்று திருத்தினார்.

கேரட்டின் மேல் எனக்குப் பகை இல்லை. அதிலுள்ள பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் ரோடாப்சின் என்ற நிறமி உருவாக அந்த வைட்டமின் வேண்டும். அது குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். பிறகு வெண்விழி வறண்டு நுரை படிந்தது போன்ற திட்டுகள் தோன்றும். முற்றினால் கருவிழியே கரைந்துபோகும். 9 மாதம் முதல் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு அரசு வைட்டமின் ஏ திரவம் கொடுப்பது இதைத் தடுக்கத்தான். ஆனால் உடலில் போதிய அளவு இருக்கும்போது மேலும் மேலும் கேரட் சாப்பிட்டால் பார்வை கூர்மையாகாது. உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான்.

கண்ணாடியையும் அது கழற்றாது. கிட்டப்பார்வை பெரும்பாலும் கண் கோளம் நீண்டுவிடுவதால் வருவது. நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்குக் காரணம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நெகிழ்வை இழப்பது. "கண்ணாடி வேண்டாம், கீரை கொடுத்துப் பார்க்கிறோம்" என்று சொல்லிப் போய், ஓராண்டு கழித்துப் பிள்ளையைத் திரும்ப அழைத்துவரும் பெற்றோரிடம் எனக்குப் பொறுமை குறைவு. அதற்குள், தெளிவாகப் பார்த்துப் பழகாததால் பார்வை வளராமல் போகும் சோம்பேறிக்கண் வேரூன்றிவிடலாம்.

அதற்காகக் கீரையை விட்டுவிடாதீர்கள். பொன்னாங்கண்ணி தின்றால் பகலில் நட்சத்திரம் தெரியும் என்பது மிகைதான். என்றாலும் கீரைகளில் உள்ள லூட்டின், விழித்திரையின் மையமான மேக்குலாவில் போய்ச் சேர்வது உண்மை. லூட்டினும் பீட்டா கரோட்டினும் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாக ஏறும். முருங்கைக்கீரையைப் பருப்போடு கடைந்து ஒரு ஸ்பூன் நெய் விட்ட பாட்டிமார்களுக்கு இந்த வேதியியல் தெரியாது. கை சரியாகத்தான் செய்தது. எண்ணெய் படாத கீரைச் சாற்றை வெறும் வயிற்றில் குடிப்பவர்களைவிட அவர்கள் விவரமானவர்கள். முட்டையின் மஞ்சள் கருவிலும் லூட்டின் உண்டு. அதை ஒதுக்கிவிட்டு லூட்டின் மாத்திரை வாங்குகிறவர்களை என்ன சொல்ல?

அந்த மாத்திரைகளுக்கும் ஓர் இடம் உண்டு. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பயன்படுத்திய கலவை, வயதாவதால் வரும் மேக்குலா சிதைவு நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு நோய் முற்றுவதைத் தாமதப்படுத்த உதவுகிறது. நோயே இல்லாதவர்களுக்கு அல்ல. புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரை பக்கமே போகக் கூடாது; நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது.

ஜவுளிக்கடைக்காரருக்குக் குறைந்தது வைட்டமின் அல்ல. இரத்தத்தில் ஏறிய சர்க்கரை விழித்திரையின் நுண்ணிய குழாய்களை அரித்துக்கொண்டிருந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. பலகையின் கடைசி வரிவரை படித்தார். அதனால்தான் சர்க்கரை நோயாளிகள், பார்வை நன்றாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். அவருக்குச் சொன்ன உணவு யோசனை எளிது: தட்டில் பாதி காய்கறி, சோறு கால் பங்கு, மீதியில் பருப்போ மீனோ முட்டையோ. ஜூஸ் எந்தப் பழத்தினதாக இருந்தாலும் வேண்டாம்.

"அப்படியானால் கேரட்டை விட்டுவிடட்டுமா?" என்றார்.

"பொரியலாகச் சாப்பிடுங்கள்" என்றேன்.

மனைவி சிரித்தார். "பொரியல் வைத்தால் இவர் ஓரமாக ஒதுக்கிவைத்துவிடுவார் டாக்டர்."