ட்யூனர் பெடலை செயின்ல எங்க வைக்கறது?

எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவுல வரிசையா கோக்கற பெடல்கள்தான் செயின், அதுல ஸ்ட்ரிங் சுருதி சரியா இருக்கான்னு காட்டறது ட்யூனர் பெடல். "கிட்டாருக்கு அடுத்து முதல் ஆளா வை" – ட்யூனர் பெடல் பத்தி யார்கிட்ட கேட்டாலும் இதான் பதில். முக்கால்வாசி சரியான பதிலும்கூட. ஆனா ஏன்னு தெரியாம வச்சா, எப்ப அதை மாத்தி வைக்கணும்னும் தெரியாம போயிடும்.

முதல்ல ட்யூனர் என்ன பண்ணுதுன்னு பாக்கலாம். ஆறாவது ஸ்ட்ரிங், அதாவது லோ ஈ, செகண்டுக்கு 82.41 தடவை அதிரும், ஒரு சுத்து முடிய சுமார் 12 மில்லி செகண்ட் ஆகும். ஆனா பிக்கப்ல (ஸ்ட்ரிங் அதிர்வை மின் சிக்னலா மாத்தற பாகம்) இருந்து 82 மட்டும் தனியா வராது, கூடவே 165, 247னு அதோட மடங்குகளான ஹார்மோனிக்ஸ் ஒரு கூட்டமே வரும், சில நேரம் அதுங்க சத்தம்தான் அடிப்படை சுரத்தை விட தூக்கலா இருக்கும். இந்த கலவைல அதே அலை எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா திரும்ப வருதுன்னு ட்யூனர் கண்டுபிடிக்கணும். அதுவும் எவ்வளவு நுணுக்கமா? ஒரு செமிடோன்ல (பக்கத்து பக்கத்து ரெண்டு ஃப்ரெட்டுக்கு உள்ள இடைவெளி) நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட், லோ ஈ-ல அது 0.05 ஹெர்ட்ஸ் கூட முழுசா வராது. பாஸ் (Boss) கம்பெனியோட டியூ-3 மாதிரி ட்யூனர் பெடல் எல்லாம் அந்த ஒரு சென்ட் அளவுக்கு காட்டுது, அதுக்கு கொஞ்ச நேரமாவது ஒரே சீரா, ஒரே ஒரு சுரம் அதுக்கு கிடைக்கணும்.

இப்ப அதுக்கு முன்னாடி ஒரு கோரஸை போடுங்க. கோரஸ் பண்றதே சிக்னலோட ஒரு காப்பியை கொஞ்சம் தாமதமாக்கி, அந்த தாமதத்தை கூட்டி குறைச்சு பிட்ச்சை மேலயும் கீழயும் ஆட்டறதுதான், அப்ப ட்யூனர் முள்ளு ஆடாம என்ன பண்ணும். எதிரொலி தர்ற டிலே, ரிவெர்ப் பெடல் போட்டா ஏ ஸ்ட்ரிங்கை ட்யூன் பண்ணிட்டு டி-க்கு போனப்புறமும் பழைய ஏ பின்னாடி கேட்டுக்கிட்டே இருக்கும். பிட்ச் ஷிஃப்டர் வச்சு அரை சுரம் இறக்கி வாசிக்கறவங்க ட்யூனரை அதுக்கு அப்புறம் வச்சா, கிட்டார் கரெக்டா ட்யூன்ல இருந்தாலும் ஈ ஸ்ட்ரிங்கை ஈ ஃப்ளாட்னுதான் (அரை சுரம் கம்மி) காட்டும்.

சத்தத்தை கரகரன்னு ஆக்கற டிஸ்டார்ஷன் விஷயம் மட்டும் கொஞ்சம் வேற. டிஸ்டார்ஷன் பின்னாடி ட்யூனர் வேலையே செய்யாதுன்னு சொல்வாங்க, அது முழு உண்மை இல்ல. ஒரே ஒரு ஸ்ட்ரிங் சுத்தமா ஒலிச்சா, அலையோட வடிவத்தை எவ்வளவு கசக்கினாலும் அது திரும்ப வர்ற நேரம் மாறாது, அதனால ட்யூனர் பிடிச்சுடும். பக்கத்து ஸ்ட்ரிங் லேசா சேர்ந்து அதிர்ந்தாதான் சிக்கல், டிஸ்டார்ஷன் அந்த ரெண்டையும் பெருக்கி, ரெண்டுலயும் இல்லாத புது அலைவரிசைகளை உண்டாக்கிடும்.

ஆக முன்னாடிதான் வைக்கணும். சரி, இப்ப பஃபர், அதாவது நீள கேபிள்ல சிக்னல் மங்காம தாங்கற குட்டி சர்க்யூட், அந்த விஷயத்துக்கு வருவோம், என்னைக் கேட்டா முக்கியமான சங்கதியே இதுதான்.

சாதாரண சிங்கிள் காயில் பிக்கப்போட இண்டக்டன்ஸ் 2.5 ஹென்ரி பக்கம் இருக்கும். கேபிள் ஒவ்வொண்ணும் மீட்டருக்கு சுமார் 100 பிக்கோ ஃபாரட் கெபாசிட்டன்ஸ். ரெண்டும் சேர்ந்து ஒரு ஃபில்டர் ஆகிடுது. 6 மீட்டர் கேபிள்ல நேரா ஆம்ப்புக்கு போனா அந்த ஃபில்டரோட உச்சி 4 கிலோ ஹெர்ட்ஸ் கிட்ட நிக்கும், அதுக்கு மேல ட்ரெபிள் சரியும். பெடல்போர்டு, பேட்ச் கேபிள், ஆம்ப்புக்கு இன்னொரு 6 மீட்டர்னு போச்சுன்னா உச்சி 3 கிலோ ஹெர்ட்ஸுக்கும் கீழ இறங்கிடும், சத்தம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி மங்கிடும். டியூ-3 மாதிரி பஃபர் உள்ள ட்யூனர் 1 மெகா ஓம் இம்பீடன்ஸ்ல (சிக்னலுக்கான மின் தடை) சிக்னலை வாங்கி 1 கிலோ ஓம்ல வெளிய தள்ளுது, அதுக்கப்புறம் கேபிள் எவ்வளவு நீளமா இருந்தாலும் பிக்கப்புக்கு அந்த சுமை தெரியாது. ட்ரூ பைபாஸ் ட்யூனர்ல (அணைச்சா சிக்னலை சர்க்யூட் தொடாம நேரா விடறது) இந்த உதவி கிடையாது. பாலிட்யூன் 3 ட்யூனர்ல ரெண்டும் இருக்கு, உள்ள ஒரு குட்டி சுவிட்சை மாத்தினா போதும்.

ஆனா ஃபஸ் ஃபேஸ் வகை ஃபஸ் பெடல் (டிஸ்டார்ஷன்லயே ரொம்ப கரகரப்பான வகை) வச்சிருந்தா இதே பஃபர் வில்லன் ஆகிடும். 1966-ல லண்டன்ல வந்த அந்த சர்க்யூட்டோட இன்புட் இம்பீடன்ஸ் ரொம்ப குறைவு, அது பிக்கப்பை நேரடியா இழுத்து, பிக்கப்பையே சர்க்யூட்டோட ஒரு பாகமா ஆக்கிக்குது. கிட்டார் வால்யூமை 10-ல இருந்து 7-க்கு இறக்கினா ஃபஸ் அடங்கி கிட்டத்தட்ட க்ளீன் ஆகும்ல, அந்த அழகு அதனாலதான். நடுவுல பஃபர் வந்தா சத்தம் கீச்சுன்னு ஆகிடும், வால்யூமை இறக்கினாலும் அந்த க்ளீன் வராது. அதனால ஃபஸ் முதல்ல, ட்யூனர் அடுத்து. ட்யூன் பண்றப்ப ஃபஸ்ஸை ஆஃப் பண்ணிக்கங்க, அவ்வளவுதான்.

ட்யூனரை மிதிச்சா சத்தம் வெளிய போகாம மியூட் ஆகும், அதுக்காக சிலர் ட்யூனரை கடைசில வைப்பாங்க. ஹை கெயின் பெடலோட இரைச்சல் உட்பட எல்லாம் ஒரே மிதில அடங்கும், நியாயம்தான், ஆனா டிலே வாலும் சேர்ந்து வெட்டுப்படும், ட்யூன் பண்ணும்போது கோரஸ் டிலே எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அணைக்கணும், மேடைல ரெண்டு பாட்டுக்கு நடுவுல அதுக்கெல்லாம் யாருக்கு நேரம். முன்னாடி இருந்தா மியூட் போட்டப்புறமும் கடைசி கார்டோட டிலே மெல்ல கரைஞ்சு போகும், நீங்க பாட்டுக்கு ட்யூன் பண்ணிட்டு இருக்கலாம்.

வால்யூம் பெடல்ல ட்யூனர் அவுட்னு ஒரு ஓட்டை இருக்குமே, அதுல சொருகினா ட்யூனர் செயினுக்கு வெளிய போயிடும், எப்பவும் ஆன்லயே இருக்கும். ஆனா பாஸிவ் (பவர் இல்லாம ஓடற) வால்யூம் பெடல்னா அந்த கேபிளும் ட்யூனரும் சேர்ந்து பிக்கப் மேல கூடுதல் சுமை, ட்ரெபிள் கொஞ்சம் போகும். முன்னாடி ஒரு பஃபர் இருந்தா பிரச்சனை இல்ல.

எங்க வச்சாலும், நெக் பிக்கப்புக்கு மாத்தி, டோன் நாபை இறக்கி ட்யூன் பண்ணுங்க, ஹார்மோனிக்ஸ் அடங்கி அடிப்படை சுரம் மேல வரும். ஓங்கி அடிக்காதீங்க, ஓங்கி அடிச்சா ஸ்ட்ரிங் இழுபட்டு முதல்ல ஷார்ப்பா (சுருதி கூடி) காட்டி அப்புறம்தான் இறங்கும், அந்த முதல் நொடி முள்ளை நம்பி திருகினா ஃப்ளாட் ஆகிடும்.